மாமா கேட்ட தண்ணீர்

எனக்கு நினைவு தெரிந்து நான் மனமார வெறுத்த முதல் மனிதர் என் மாமாதான். மாமா என்றால் அம்மாவின் தம்பி அல்ல. அவர் வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் வாங்கி வருகிறவர், அவரை எப்படி வெறுப்பது? இவர் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்தவர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய மீசை, பேச்சு மிகக் குறைவு. எழுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளி கழிந்த கையோடு அத்தையை அழைத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, தை மாதம் வரை தங்கினார். அந்தக் காலத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டைக்கூட நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

அழைத்துக்கொண்டு வந்தார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் அத்தையை எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரில் தொழுவத்தில் சாணி அள்ளப் போனபோது அத்தைக்குக் கால் வழுக்கிவிட்டது. விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளூரில் கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகும் அத்தை எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அப்பா நேரே போய் மெட்ராசுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

எனக்கு அத்தையை அடையாளமே தெரியவில்லை. அதற்கு இரண்டு கோடைக்கு முன்னால் நான் பார்த்த அத்தை, தலையில் மாட்டுக்கு ஒரு சுமை நாற்றுத்தட்டையும் இடுப்பில் என்னையும் சுமந்துகொண்டு வரப்பில் வேகமாக நடந்தவள். இப்போது கட்டிலில் கிடந்தவளுக்கு முதுகு கூனியிருந்தது. காலில் சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அறுபது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்காரரின் எண்பது வயது அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, "பாவம், என்னை விடப் பெரியவா போலருக்கே" என்று பரிதாபப்பட்டுப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் குடும்பமாகவே போனோம். அழுது அடம் பிடித்து நானும் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு கூடிடுச்சு, கொஞ்சம் குட்டையாக் கூடியிருக்கு. ஆனா எலும்பெல்லாம் செல்லரிச்ச மரம் மாதிரி ஆயிருக்கு, சதையும் வத்திப்போச்சு. வயக்காட்டுல வேலை செஞ்ச உடம்பு, சாப்பாடு போதலை. இனிமே படுத்தே இருந்தா இருக்கிறதும் போயிடும். நடக்க வையுங்க" என்றார். இதெல்லாம் எனக்கே தெளிவாகக் காதில் விழுந்தது. பெரியவர்கள் காதில் மட்டும் எலும்பு கூடிவிட்டது என்பதுதான் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றி. கத்தரிக்காய் சேர்க்கலாமா என்று அப்பா கேட்டார். ஆட்டுக்கால் சூப் காலையில் நல்லதா, சாயங்காலமா என்று அம்மா கேட்டாள். சீமை டானிக் ஏதாவது உண்டா என்று சித்தப்பா கேட்டார். மாமா ஒன்றும் கேட்கவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது என்று அப்பா வெளியே வந்து சொன்னார்.

வாசலில் சித்தப்பா அத்தையை அப்படியே அள்ளிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்தபோது, ரிக்‌ஷாக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். "இன்னா நைனா, எலும்பு கூடிக்கிச்சின்னு நீயே சொல்ற, அப்பால இன்னாத்துக்குத் தூக்கிக்கினு கீற?" சித்தப்பா அவரை முறைத்த முறைப்பில் மாம்பலம் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

கூடின எலும்பை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டின் முடிவு. எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் அவர்களை அசைய விடாமல் வைத்திருப்பது. வீட்டுக்கு வந்த நாத்தனார் தன் கையால் ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டால் போதும், அந்த வீட்டு மருமகளின் மானம் அன்றே போயிற்று. அதனால் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், தலை வாரினாள், புரண்டு படுக்கக்கூடக் கை கொடுத்தாள். கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டுமென்றால் சித்தப்பா தூக்கிக்கொண்டு போவார். அவர் கடைக்குப் போயிருந்தால் அத்தை அவர் வரும்வரை காத்திருப்பாள். காத்திருக்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

சித்தப்பா அத்தையிடம் உயிராக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவரைப் பெற்ற கையோடு பாட்டி கண்ணை மூடிவிட்டார். அப்போது அத்தைக்கும் ஒரு கைக்குழந்தை. தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் தம்பிக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். பெற்ற பிள்ளை பிறகு பட்டாளத்தில் சேர்ந்து எங்கோ வடக்கே போய்விட்டான். தம்பி மெட்ராசுக்கு வந்து, தியாகராய நகரில் அப்பாவின் சின்ன ஜவுளிக்கடையில் கூட நின்றார். ஊர் வீட்டில் அத்தையும் மாமாவும் மட்டும்.

எங்கள் கவனிப்பில் அத்தை நாளுக்கு நாள் தேய்ந்தாள். வரும்போது ஒரு கையால் பிடித்த டம்ளரைப் பிறகு இரண்டு கையால் பிடித்தாள். வீடு முழுக்க ஆட்டுக்கால் சூப் மணந்தது. அத்தை இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்பாள், மிச்சத்தை அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டோம். அந்த மார்கழியில் எலும்பு பலமானது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

இதற்கு நடுவில் சித்தப்பாவின் கல்யாணம் தையில் என்று நிச்சயமானது. பெண் அபிராமபுரம், கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சுதான். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். சித்தப்பாவுக்கு இருந்தது ஒரே அக்கா. ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி கோபாலபுரத்தில் பங்களாவில் இருந்தாள். அவள் காரில், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக அத்தையைப் பார்க்க வந்தாள். கன்னத்தில் கை வைத்து வருத்தப்பட்டாள். எழுந்து போகும்போது, "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதக்கா, முடிச்சுப் போட நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். முடிச்சுப் போடுகிறவளுக்குப் பெண் வீட்டார் நல்ல பட்டாக எடுத்துக் கொடுப்பார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா அன்றைக்கு அத்தையின் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, நீ கஷ்டப்பட வேண்டாம். முன்வரிசையில நல்ல நாற்காலியாப் போடச் சொல்றேன். நீ உக்காந்து பாத்தாலே எனக்குப் போதும்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அவ்வளவு பாசமாகத்தான் சொன்னார். அத்தை "சரிய்யா" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் சூப்பைத் தொடவே இல்லை. நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. இவள் இனி இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா ஆரம்பித்தார். கூடத்தில் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர், கட்டிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா."

வீடு அப்படியே நின்றது. அம்மா தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீரை நீட்டினாள். "இந்தாங்க அண்ணாச்சி."

மாமா அதை வாங்கித் தரையில் வைத்தார். "அவ கொண்டாரட்டும்" என்றார்.

இப்படி ஒரு மனிதனா என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. அத்தைக்கும்தான். சுவர்ப்பக்கம் இருந்து வெடுக்கென்று திரும்பினாள். "கட்டையில போற மனுசா, கண்ணு அவிஞ்சா போச்சு? நானே சீவனத்துக் கெடக்கேன், ஒமக்குத் தண்ணி கேக்குதோ தண்ணி?" என்று கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை கொடுக்காமல் அவள் எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலைத் தொங்கப்போட்டாள், நிற்கப் பார்த்தாள், முடியாமல் திரும்பவும் படுக்கையில் சாய்ந்தாள். மாமா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. செம்பும் அப்படியே இருந்தது. அன்று பகல் முழுதும் அந்த மனிதர் தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு இதே கூத்துதான். காலையில் தண்ணீர், மத்தியானம் துண்டு, சாயங்காலம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. எல்லாம் அத்தையே எடுத்துத் தர வேண்டும். அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பானை வரை போனாள். அடிக்கு ஒரு வசவு. எங்கள் ஊர்ப் பக்கத்து வசவுகள் எல்லாம் எனக்குப் பாடமானது அந்த மார்கழியில்தான். வெளியே கோயில் ஸ்பீக்கரில் பஜனை, உள்ளே அத்தையின் அர்ச்சனை. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடும். மீதியைக் கொண்டுவந்து கொடுத்தால், "இது தொண்டைய நனைக்கவா? நிறையக் கொண்டா" என்று திருப்பி அனுப்புவார். அவர் மட்டும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வாசலில் தபால்காரர் கத்தினால்கூட எழுந்து போக மாட்டார். சோம்பேறி, கல்நெஞ்சுக்காரர் என்று நான் என் தோழிகளிடமெல்லாம் சொல்லி வைத்தேன்.

ஒரு நாள் அவர் வசமாக மாட்டினார். அத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்த தண்ணீரில் ஒரு வாய் நனைத்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்து ஜன்னல் வழியாக மீதியை வெளியே கறிவேப்பிலைச் செடியில் ஊற்றிவிட்டார். என் கண்ணால் பார்த்தேன். அது மெட்ராசில் குழாயில் காற்று வந்த காலம். அடிபம்பில் குடத்துக்குச் சண்டை போட்டு அம்மா கொண்டுவந்த தண்ணீர். நான் சமையலறைக்கு ஓடினேன். இப்படி ஒன்றுக்காகவே காத்திருந்தவள் போல அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அத்தை அப்போது கொல்லைப்பக்கம் நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் கேக்கேன்னு தப்பா நெனக்காதீங்க. ஒங்களுக்குத் தாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மதினிய எதுக்கு இந்தப் பாடு படுத்துதீங்க? செய்யதுக்கு நாங்க இத்தன பேரு இருக்கோம்லா?"

மாமா மீசையைத் தடவினார். அவ்வளவு நேரம் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"நீங்க இருக்கீங்க தாயி. ஊருல நான்தான இருக்கேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நடக்க வையின்னுதான டாக்டரு சொன்னாரு. படுத்தே கெடந்த பொம்பளைக எந்திரிச்சு நான் பாத்ததில்ல. எங்கம்மையும் அப்பிடித்தான் போனா" என்றார்.

அம்மா செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். நல்ல சண்டையை எதிர்பார்த்து வந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். அதை விடப் பெரியது அடுத்த நாள் காத்திருந்தது. கூடத்து மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை அம்மா தன் கையாலேயே தூக்கிச் சமையலறையின் கடைசிக் கோடியில் கொண்டுபோய் வைத்தாள். சோறு ஊட்டுவதை நிறுத்தினாள். அத்தை தடுமாறினால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பாளே தவிர, ஓடிப் பிடிக்க மாட்டாள். அம்மாவும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்றும் கவனித்தேன். அத்தை ஆட்டுக்கால் சூப்பைக் கிண்ணத்தின் அடிவரை குடிக்க ஆரம்பித்திருந்தாள். எனக்குப் பங்கு குறைந்ததால் தெரிந்தது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அந்த விபரீதம் நடந்தது. சமையலறை வாசலில் அத்தையின் கால் மடங்கிவிட்டது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். செம்பு உருண்டது. அதே நேரம் பார்த்துக் கடையிலிருந்து சாப்பிட வந்த சித்தப்பா பாய்ந்து போய் அவளை அள்ளித் தூக்கினார். அவர் குரல் தெரு வரை கேட்டிருக்கும்.

"நீங்க மனுசன்தானா? எங்கக்காவக் கொல்றதுக்கா இங்க கூட வந்தீங்க?"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஜமுக்காளத்தில் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தார், ஆனால் எழுந்து வரவில்லை. இப்போதுகூட எழுந்து வரவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தைதான் பேசினாள், சித்தப்பாவின் கைகளில் கிடந்தபடியே.

"ஏய்யா, அவர ஒண்ணும் சொல்லாத. மொதல்ல என்னைய எறக்கி விடு."

"சும்மா இருக்கா, கட்டில்ல விடுறேன்."

"கட்டில்ல இல்ல. கீழ விடு. நீ போட்ட நாக்காலில நான் உக்காரமாட்டேன். ஒனக்கு முடிச்சுப் போடுதது நான்தான். எறக்கி விடுடா."

அந்த 'டா'வில் சித்தப்பாவுக்குக் கை தளர்ந்துவிட்டது. மெதுவாக இறக்கி விட்டார். எங்கேயும் அடி இல்லை. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உருண்டு கிடந்த செம்பை எனக்குக் கண்ணால் காட்டி எடுத்துத் தரச் சொன்னாள். நான் தந்ததும் பானைப் பக்கம் திரும்பி நடந்தாள். சித்தப்பா அங்கேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் கூடவே அழுதேன், யாருக்காக என்று தெரியாமல்.

கல்யாணத்தன்று கோபாலபுரத்து அத்தை மணவறைக்குப் பக்கத்திலேயே, அரக்குப் பட்டில், எதற்கும் தயாராக நின்றிருந்தாள். எங்கள் அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். மணவறைக்கு ஏற மூன்று படி. அவ்வளவு உயரமான படிகளை அதற்கு முன்பும் பிறகும் நான் பார்த்ததில்லை. படிக்குக் கீழே அப்பா கையை விட்டுவிட்டார். அத்தை விடச் சொன்னாள். ஐயர் மந்திரத்தை இழுத்தார், நாதஸ்வரக்காரர் தயாராக எங்களையே பார்த்தார். சித்தப்பா மாலையும் கழுத்துமாக, எழுந்திருக்க முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மாமாவைத் தேடினேன். முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். போய் ஒரு கை கொடுக்கக் கூடாதா?

அத்தை நல்ல காலை முதலில் வைத்து, குட்டைக் காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். வாய் முணுமுணுத்தது. சாமி பெயராக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும், அது மாமாவுக்கான வசவு. பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றபோது உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது. அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த புதுச் சித்தி, திரும்பிப் பார்க்காமலே, தோளை நிமிர்த்தி அசையாமல் கொடுத்தாள். அத்தை அந்தத் தோளில் கையை ஊன்றி நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. கூனல் முதுகுக்குக் குனிகிற வேலை மிச்சம். முடிச்சு இரண்டும் நன்றாக இறுகியது. சித்தப்பா அண்ணாந்து அவளைப் பார்த்து அழுத அழுகையில் பெண்ணின் நெற்றியில் வைக்க வேண்டிய குங்குமத்தை மூக்கில் வைத்துவிட்டார். கோபாலபுரத்து அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் பந்திக்குக் கலைந்தபோது அத்தை தானே படியிறங்கினாள். புதுப் பட்டுப்புடவைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நேரே மாமாவிடம் வந்தாள். "எந்திரிங்க, எல போட்டாச்சு" என்றாள்.

மாமா தரையில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. காலை மாற்றி மடக்கி இன்னொரு முறை பார்த்தார். முட்டி இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. அத்தை ஒரு கையால் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பற்றிக்கொண்டு, ஒரு எழும்பு எழும்பி நின்றார்.

"பாத்தியாம்மா, மாமாவுக்கு எந்திரிக்கக்கூட அத்தைதான் வேணும்" என்று நான் மண்டபம் கேட்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிடித்த கையை விடாமல் அத்தையும் மாமாவும்தான் எல்லோரையும் விட அதிகமாக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நான் சொன்னதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தன்னையே தூக்கிக்கொள்ள முடியாதவர், யாருமில்லாத அந்த ஊர் வீட்டில் அத்தையை எப்படித் தூக்கியிருப்பார் என்று யோசிக்கிற வயதும் இல்லை. மாமாவுக்குச் சோம்பல்தான் என்று முடிவு கட்டிவிட்டு, மெல்ல நடந்து வந்துகொண்டிருந்த அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டு ஓடி, ஜாங்கிரி பெரிதாக வைத்திருந்த இலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.